மூச்சு இருக்கிற இடம்

ஜூன் 10, செவ்வாய்

கச்சான் காற்று. கொடியில் போட்ட உடுப்பு பாதி அடுத்த வளவுக்குக் குடிபோய்விட்டது. சோதனை முடிந்து வீட்டில் சும்மா. றிசல்ட் எப்ப என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியவும் வேண்டாம்.

காலைச் சாதனை: மதிலுக்குப் பின்னால் நின்று மீன்காரர் குரலில் "கீரி மீன், கீரி" என்று கூவினேன். உம்மா சட்டியோடு கேற்றடிக்கு ஓடினா. பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன வேலை என்று முதுகில் ஒன்று விழுந்தது. நட்டம் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கட்டாரிலிருந்து வந்த எங்கட மூத்தவர், காக்கா, ஒரு சாமான் கொண்டுவந்தார். றெக்கோட் பிளேயர். மூடினால் சூட்கேஸ். நீலம். கடையில் இருந்ததிலேயே மலிவு என்று அவரே சொல்லிவிட்டார். எங்களுக்கில்லை, மாமிக்கு.

மாமி என்றால் வாப்பாவோடு கூடப்பிறந்த மூத்த ராத்தா. பிள்ளைகள் இல்லை. எங்கள் வளவிலேயே பின்வீட்டில் தனிய. மாமா கண்ணை மூடி மவுத்தாகி ஒன்பது வருடம். அவர் பாட்டுக்காரர். கலியாணம் முடித்த புதிதில் கொழும்புக்குப் போய் ஒரு றெக்கோட் தட்டுப் போட்டவர். பழைய பிளேயரைச் சுனாமி கொண்டுபோனது. றெக்கோட் அந்த நேரம் சம்மாந்துறையில் சொந்தக்காரர் வீட்டில் கிடந்ததால் தப்பியது. அன்றிலிருந்து அலுமாரிக்குள் ஊமை.

நாட்டில் எல்லாத்துக்கும் தட்டுப்பாடு, எங்கள் வளவில் மட்டும் தட்டுப் பாட்டு. (மூன்று பேரிடம் சொல்லியாச்சு. காக்கா மட்டும் சிரித்தார்.)

மாமிக்குக் கை நடுங்கும். ஊசி வைக்கிற உத்தியோகம் எனக்கு.

அஸர் தொழுகைக்குப் பிறகு போட்டோம். மாமி நல்ல சீலை உடுத்து, அத்தர் பூசி, கதிரையில். நான் போனில் வீடியோ. மாமாட குரல் வந்தால் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நபி புகழ் பாட்டு. முதல் கண்ணி முடிய ஒரு இடைவெளி. மாமி விரலைத் தூக்கினா.

"இந்தா. இந்த இடம்."

ஒரு மூச்சு. என் காதுக்குப் பக்கத்தில் நின்று யாரோ இழுத்த மாதிரி. பிறகுதான் ரெண்டாவது கண்ணி.

கை மயிரெல்லாம் எழும்பிவிட்டது. மவுத்தான ஆள் பாடினால் அது பாட்டு. மூச்சு எடுத்தால்?

ஜூன் 12, வியாழன்

மூன்று நாளில் ஏழு தரம். மாமிக்கு அலுக்கவில்லை. நேற்றிலிருந்து ஊசி நடுவில் துள்ளுது, மாமா ஒரு சொல்லிலிருந்து அடுத்த வரிக்குப் பாய்கிறார். வைத்தியம்: ஊசிக் கையின் நுனியில் பத்து ரூபாய்க் காசுக் குத்தி ஒன்றை வைத்து, ஒட்டு ரேப் போட்டு. துள்ளல் நின்றது. மாமி என் தலையைத் தடவினா. நான் ஒரு விஞ்ஞானி.

கிணற்றடியில் குளிக்கும்போது பின்னால் அதே மூச்சு. திரும்பினேன். வாளி.

உம்மாவிடம் சொன்னேன். ஓதிவிட்டுப் படு என்றா. ஓதினேன். ஓதுகிற என் மூச்சே எனக்குப் பயம்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில் நெருப்பு. செய்ய வேண்டியது: மாமிக்குக் குளிசை, கோழிக்குத் தீன், என் ராத்தாட தைத்த சட்டை எடுக்க.

மூச்சுக் கணக்கு:
வெள்ளி - இருக்கு.
சனி காலை - இருக்கு. சளி பிடித்த மாதிரி.
சனி அஸர் - கர கர. அதுக்குள்ளே எங்கேயோ.
இன்று - இருக்கு போல. இல்லை போல.

மாமி விரலைத் தூக்கினபடி கொஞ்ச நேரம் இருந்தா. பிறகு தன் காதைத் தடவினா.

"என்ட காது மந்தமாகிட்டுது போல புள்ள."

அவட காதில் ஒரு குற்றமும் இல்லை. நான் சொல்லவில்லை. போன கிழமை அந்த மூச்சு கேட்குமே என்று பயம். இப்ப கேட்காதே என்று பயம். இதுதான் கூடின பயம்.

ஜூன் 17, செவ்வாய்

தட்டையும் சூட்கேஸையும் தூக்கிக்கொண்டு காக்காவோடு கல்முனைக்கு. மாமிக்குச் சொன்னது: வயர் லூசாம்.

றேடியோ திருத்துகிற கடை. கடைக்காரர் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார், எக்ஸ்றே பார்க்கிற டொக்டர் மாதிரி. மலிவுப் பிளேயர் றெக்கோட்டைப் பழுதாக்குமா என்று கேட்டேன். பழி முழுவதையும் அதில் போடக் கூடாது என்றார். ஊசிக் கை பாரம்தான், ஊசியும் மட்டம்தான். ஆனாலும் காலத்துக்கு ஊசி மாற்றினால் தேய்வது மெல்ல மெல்லத்தான். போனால் முதலில் மெல்லிய சத்தம் போகும், உரத்த சத்தம் கடைசியில். பிறகு ஒட்டு ரேப் அடையாளத்தை நகத்தால் சுரண்டினார்.

"இதுல என்ன வச்ச?"

"குத்தி."

கண்ணாடியைக் கழற்றினார். "ஊசி தடவி வாசிக்கிற சாமான் புள்ள. நீ அத உழவு மெசினாக்கிப்போட்ட."

போன சத்தத்தைத் திரும்ப எடுக்க ஏலாதா என்று கேட்டேன். ஏலாது என்று தலையை ஆட்டினார்.

வழி முழுக்க எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீடியோ ஞாபகம். ஓடிப்போய் எடுத்தேன். முதல் கண்ணி, இடைவெளி, சரியாக அந்த இடத்தில் உம்மா: "பிளேன்டீ ஊத்தவா?"

மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் ஊத்தவா.

ஜூன் 18, புதன்

திட்டம். பிளேயர் இருக்கிற மேசை மாமிட குசினி வாசலில் தொங்குகிற சீலையோடு ஒட்டி. ஊசியை வைக்கிறது, தண்ணீர் குடிக்கப் போகிறது, சீலைக்குப் பின்னால் நிற்கிறது. மீன்காரர் வருகிற வாயில் மாமா வரமாட்டாரா? தடித்த ஆள், பெரிய நெஞ்சு. கண்ணாடிக்கு முன்னால் பயிற்சி. உம்மா எட்டிப் பார்த்து, "உனக்கென்ன, இழுப்பா?"

அஸருக்குப் பிறகு எடுத்தேன். நல்ல ஆழமான மூச்சு. சீலை ஓட்டைக்குள்ளால் பார்த்தேன், மாமி விரலைத் தூக்கினபடி.

வென்றுவிட்டேன். ஆனால் சீலை முகத்தில் ஒட்ட நிற்கும்போதுதான் விளங்கியது, இந்த வீட்டுப் பேய் இப்ப நான்தான். நாளைக்கும் வரவேணும். அதுக்கு அடுத்த நாளும்.

ஜூன் 20, வெள்ளி

மூன்றாவது நாள். பாட்டு முடிந்தது. மாமி திரும்பவே இல்லை.

"சீலைக்குப் பின்னால நிக்கிற ஆள் முன்னால வரலாம்."

வந்தேன். குத்தி, உழவு மெசின், ஊத்தவா, எல்லாத்தையும் கொட்டினேன். ~~அழுதேன்.~~ அழவில்லை. மாமி ஏசுவா என்று நின்றேன். ஏசவில்லை.

"நீ ஆம்பிளை மூச்சு எடுக்கிறாய்" என்றா. "அது அவர்ர இல்லகா. என்ட மூச்சு."

பிறகு சொன்னது. வீட்டில் அந்தப் பாட்டுப் பாடினால் முதல் கண்ணி மாமா, ரெண்டாவது கண்ணி எப்பவும் மாமி. கொழும்பில் பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறா. பதினேழு வயது. முதல் கண்ணி முடிய, பழக்கத்தில் மூச்சை எடுத்துவிட்டா. மாமாவும் பழக்கத்தில் நின்றுவிட்டார், அவ பாடட்டும் என்று. ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அங்கால மாமிட வாப்பா. பார்த்தார். மாமி வாயை மூடினா. மாமா பாடினார். உறையில் மாமாட பேர் மட்டும்.

அந்த மூச்சு றெக்கோட்டில் இருப்பது மாமாவுக்கும் அவவுக்கும் மட்டும் தெரிந்த விசயம். இப்ப எனக்கு.

"உன்ட மூச்சையே எடுத்திருந்தா நான் ஏமாந்திருப்பன்" என்றா.

குத்தி வைத்து நான் அழித்தது மாமாவை இல்லை.

ஜூன் 21, சனி

காற்று விழுந்துவிட்டது. கொடியில் உடுப்பு அசையவில்லை. குத்தியைக் கழற்றியாச்சு. புது ஊசிக்குக் காக்கா சொல்லி வைத்திருக்கிறார், அது வரும்மட்டும் பொறுப்போம் என்றேன். மாமி கேட்கவில்லை. இன்றைக்கும் அத்தர்.

ஊசியை வைத்தேன். சீலைப் பக்கம் போகவில்லை, கதிரையோடு நின்றேன். முதல் கண்ணி. இடைவெளி. கர கர.

மாமி விரலைத் தூக்கவில்லை. எட்டி ஊசியைத் தூக்கினா. கை நடுங்கியது, ஆனாலும் தூக்கினா. தட்டு சும்மா சுற்றிக்கொண்டு.

மூச்சு எடுத்தா. அதேதான். முதல் நாள் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

வாயை மூடவில்லை.

முன்வீட்டிலிருந்து உம்மா: "சிப்னா, யாருகா அது பாடுற?"