இரண்டு பக்கமும் சிங்கம்

இன்று காலை விளக்குத் துலக்கப் புளியைக் கரைத்தேன். இத்தனை நாளும் அந்த வாசனை வந்தால் உங்கள் முகம் தெரியும், கண் கலங்கும். இன்றைக்குச் சிரிப்பு வந்தது. நேற்று திருப்பதிக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன். அதை முதலில் உங்களிடம்தானே சொல்ல வேண்டும்.

புத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் நடத்தியபோது, கைக்கு வரும் ஒவ்வொரு ஐந்து ரூபாய்க் காசையும் திருப்பிப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவீர்கள். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அச்சு ஓரமாய் நகர்ந்து விழுந்தது, ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது என்று பிழையான காசுகளாகப் பொறுக்குவீர்கள். "நல்ல காசு எல்லார்கிட்டயும் கீது. தப்பா பொறந்தது என்கிட்டதான் கீது" என்பீர்கள். உங்களைக் கட்டிக்கொண்ட நானும் அதில் சேர்த்தியா என்று கேட்டால் அடுத்த காசைத் திருப்புவீர்கள்.

அப்படித்தான் அந்தக் காசு வந்தது. ஒரு பக்கம் வழக்கமான சிங்கம். திருப்பினால், ஐந்து என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் அதே சிங்கம், இடம் வலம் மாறி, பள்ளமாக. முன்னே அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த தகடு அதன் மேல் அடிபட்டால் இப்படி விழும் என்று எனக்கு விளக்கினீர்கள். அன்று நீங்கள் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

திருப்பதியில் கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. முந்தின நாள் வெள்ளிக்கிழமை. நல்லபடியாக நடக்கட்டும் என்று காசைச் சாமி படத்தின் முன் வைத்திருந்தீர்கள். சாமி முன் அழுக்குக் காசா என்று நான் விளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வேறு வைத்துவிட்டேன். பழைய காசின் நிறத்தைத் தொடவே கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? பார்த்ததும் உங்களுக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும், "இன்னாமே, சிங்கத்துக்குத் தலைக்கு ஊத்திட்டியா?" என்று சிரித்தீர்கள்.

மண்டபத்தில் காசுகளைச் சோதித்த பெரியவர் அதன் பளபளப்பைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "டூப்ளிகேட்டண்டி. ரெண்டு காச ஒண்ணா வைஸ் இடுக்கியில வெச்சி அமுக்கினது. தடம் தெரியாம இருக்க பாலிஷ் போட்டிருக்காங்க. யாரு தொடச்சது?" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்கள், "நான்தான்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை. ஸ்டாண்டில் உங்களை 'டூப்ளிகேட்' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரோடுதான் போய்ச் சேர்ந்தீர்கள்.

எனக்கு அது ஆறவில்லை. உங்கள் லென்ஸை எடுத்துவைத்துக்கொண்டு, போனில் வீடியோவாய்ப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கண்ணாடியின் பவரே மாறிப்போயிற்று. நேற்று அதே மண்டபம், அதே பெரியவர். "உங்ககிட்ட இருக்கிற டூப்ளிகேட்டு ஒண்ண எடுத்து இதும் பக்கத்துல வைங்க சார்" என்றேன். வைத்தார்.

"வைஸ்ல அமுக்கினா மறுபக்கம் நசுங்கணும். உங்களுதுல சிங்கத்துக்கு மூக்கே இல்ல. என்னுதுல பிடரி மயிரு வரைக்கும் நிக்குது. உங்களுதுல பள்ளத்துக்கு அடியில அஞ்சு நெளியுது. என்னுதுல அஞ்சு எங்க? காட்டுங்க. புளி நிறத்தத்தான் எடுக்கும் சார், அஞ்ச எடுக்குமா?"

அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். எடை போட்டார். மறுபடியும் பார்த்தார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரிஜினலே அம்மா. தப்பு நாதே" என்று தன் தவற்றை ஒத்துக்கொண்டு கைகூப்பினார். மண்டபமே கைதட்டியது. என் வாழ்நாளில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை, தெரியுமா? கொஞ்சம் திமிராகவே நின்றேன்.

காசு இப்போது அந்த மண்டபத்துக் கண்ணாடிப் பெட்டியில், உங்கள் பெயர்ச் சீட்டோடு இருக்கிறது. சீட்டு எழுதும்போது பெரியவர் தயங்கி, "அப்ப அவரு ஏம்மா தொடச்சாரு?" என்று கேட்டார்.

"அவரு தொடல. நான் தொடச்சேன். அவரு பொய் சொன்னாரு" என்றேன்.

உங்களிடம் இருந்த ஒரே டூப்ளிகேட் அந்த 'நான்தான்'. அதை எந்தப் பெட்டியிலும் வைக்க மாட்டேன். அது எனக்கு.