கெதியாக் கொண்டு வாங்கோ

1934 செப்டம்பர் 3, சிகாமட்

பெரிய டாக்டர் இன்று குழந்தைகள் வார்டைச் சுற்றிப் பார்த்தார். நான் அலைந்து கேட்டு வாங்கிய வார்டு. இந்தப் பக்கம் குழந்தைகளுக்கென்று வேறில்லை. "இங்கே வருகிறதில் பாதி பிழைப்பதில்லை. வருடக் கடைசியிலும் இப்படியே இருந்தால் கட்டில்களை ஆண்கள் வார்டுக்கு எடுத்துக்கொள்வேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாகும் தறுவாயில் தூக்கி வந்தால் நான் என்ன செய்ய? இந்தத் தாய்மாருக்கு அக்கறை இல்லையா, அறிவு இல்லையா?

மதராஸில் படிக்கும்போது, குழந்தை வைத்தியம்தான் செய்வேன் என்றதற்குப் பேராசிரியர் சிரித்தார். நாற்பத்தெட்டு வயதாகிறது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

தங்கை யோகம் கூப்பிடுகிறாள். "அக்கா, சோறு ஆறுது, கெதியா வாங்கோ."

செப்டம்பர் 19

பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் பேச்சியம்மாள், மகள் சந்திரமதியோடு ஒரு வாரம் வார்டில் இருந்தாள். மலேரியா. கொயினா மருந்தில் காய்ச்சல் இறங்கிவிட்டது. இரண்டு வயதுதான், ஸ்டெதாஸ்கோப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தது. இன்று ரயிலேற்றி அனுப்பினேன். எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்: "திரும்பக் காய்ச்சல் வந்தால் கெதியாக் கொண்டு வாங்கோ." தலையாட்டினாள். எல்லோரும்தான் தலையாட்டுகிறார்கள்.

அக்டோபர் 2

மழை. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 11

சந்திரமதி போய்விட்டாள்.

காலையில் வலிப்போடு தூக்கி வந்தார்கள். நாலு நாளாகக் காய்ச்சலாம். நாலு நாள்! என்னை மறந்து கத்திவிட்டேன். "கெதியாக் கொண்டு வாங்கோ எண்டு சொன்னனான் எல்லோ!"

பேச்சியம்மாள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். "கெதியாத்தானே அம்மா கொண்டாந்தேன்? இதுக்கு மேல என்ன கெதி?"

என்ன பேச்சு இது? விளங்கவில்லை.

அக்டோபர் 12

வார்டு ஆயா அங்கம்மாவிடம் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள்.

"எங்காளுங்க கெதின்னா சாகக் கெடக்கிறதும்மா. நிலைமை அப்படி ஆனாத்தான் கொண்டாரணும்னு நெனச்சிருக்கும்."

எங்கள் ஊர்ப் பேச்சில் கெதியா என்றால் சீக்கிரம், விரைவாக என்றேன்.

"அப்படியா! எனக்கே இப்பத்தான் தெரியும். நீங்க வாங்கோ போங்கோன்னு பேசுறது பாட்டு மாதிரி இருக்கும், கேட்டுக்குவோம். புரியலன்னு டாக்டரம்மாகிட்ட யாரு சொல்லுவா?"

எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்? எத்தனை வருடமாக?

அக்டோபர் 13

ஒரு சொல்லா கொல்லும்? கொசு இருக்கிறது. லயத்து வீடுகளுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் இருக்கிறது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. நான் சரியாகச் சொல்லியிருந்தாலும் அவள் வந்திருப்பாள் என்பதற்கு என்ன அத்தாட்சி?

இல்லைதான். வந்திருக்கமாட்டாள் என்பதற்கும் இல்லை.

அக்டோபர் 20

யோகம் வாசலில் நின்று, "கெதியா வாங்கோ" என்றாள். எங்கள் அம்மா கூப்பிட்ட சொல். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

டிசம்பர் 31

இரண்டு மாதமாக "உடனே" என்கிறேன். சிலர் முன்னதாகவே வருகிறார்கள். பெரிய டாக்டரிடம் சொன்னேன். "ஒரு சொல்லை மாற்றியதாலா?" என்று புருவத்தை உயர்த்தினார். அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

1935 ஜனவரி 7

கட்டில்களை எடுத்துப் போய்விட்டார்கள். அங்கம்மா வெறுந்தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 24

ஞாயிறுகளில் பாலோவுக்குப் போகிறேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையில், ஒரு பெஞ்சுதான் என் வார்டு.

இன்று பேச்சியம்மாள் வந்தாள். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். இடுப்பில் பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் குழந்தை. காளியம்மா பின்னால் ஓடி வந்தாள்.

"லேசா சுடுது. உடனேன்னு சொல்றீங்களாமே" என்றாள் பேச்சியம்மாள். குழந்தையை என் கையில் தரவில்லை. அவள் இடுப்பிலேயே வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, வெயில் சூடு.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டாளா?" என்று காளியம்மா சிரித்தாள். "சும்மா தூக்கிட்டு ஓடியாந்துட்டா."

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாவே வாங்க" என்றேன். "ஒண்ணும் இல்லைன்னாலும் வாங்க."