ஆதர் அங்கிளின் தமையன் வாசலில்

மில்லிக்கன், கனடா,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்பு மகள் யூஜினிக்கு,

மாதாவின் காவலில் அப்பாவும் அம்மாவும் சுகம், லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, என்ர தலைமயிர்தான் திரும்பி வரக் காணேல்லை. பிள்ளை, பக்கத்து வீட்டு ஆதர் அங்கிள் வியாழக்கிழமை மோசம் போயிட்டார். பெண்சாதி பிள்ளை இல்லாத மனுசன், உயிர் போகேக்கை கட்டிலடியில் நாங்கள்தான் நின்றம். ரெலிபோனில் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் வைத்துப்போடுவன், அதுதான் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறன்.

அவர் இளமையில் உங்கை லீட்ஸ் பக்கத்தில் பெரிய றக்பிக்காரன் என்று உனக்குத் தெரியும், அதனால் தமையனை இழந்தது தெரியாது. அந்தக் காலத்தில் அங்கை றக்பியும் எங்கட சாதி மாதிரி இரண்டாம். காசு வாங்காமல் விளையாடுகிறவை, காசுக்கு லீக் விளையாடப் போனவனைச் சீவியத்துக்கும் சேர்க்கமாட்டினமாம். சுரங்கத்தில் வேலை செய்த ஆதர் இருபது வயதில் லீக்குக்குக் கையெழுத்து வைத்தார். பத்து வருசம் மைதானக் கரையால் பந்தோடு ஓடினார், பேப்பரில் பேர் வந்தது, தோள் முறிந்ததோடு முடிந்தது. காசு வாங்காத கழகத்துக்குத் தலைவராயிருந்த தமையன் வில்பிரட், கையெழுத்து வைத்த அன்றே தம்பியோடு கதைக்கிறதை விட்டார்.

செத்தவீடு சொல்ல, கோபக்காரன் வீடென்றாலும் ஆள் நேரே போகவேணும். தெரிந்தும் வில்பிரட்டுக்கு நான் ரெலிபோனில் சொன்னன். என்ர இங்கிலிசைக் கேட்டு ஏதோ விற்கிறவன் என்று நினைத்து முதலில் வேண்டாம் வேண்டாம் என்றார். விளங்கினதும், எனக்குத் தம்பி ஒருத்தனும் இல்லை என்று வைத்துவிட்டார். பத்தாம் வகுப்பை இரண்டுதரம் படித்தும் உங்களுக்கு மூளை வரேல்லை என்று அம்மா ஏசினா. சரிதான்.

அதனால் நீ போ, மகள். லீட்ஸிலிருந்து ஒரு பஸ்தான், விலாசத்தைத் தனியாய் அனுப்புகிறன். வெள்ளிக்கிழமை அடக்கம், அதுக்கு முன்னம் போ. அவரிட்டை ஒன்றும் கேளாதை, இதை மட்டும் சொல்லு. தோள் முறிந்து தூக்கிக்கொண்டு போன அந்தக் கடைசி றக்பி மச்சில், சனத்துக்குப் பின்னால் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்ற தமையனை ஆதர் கண்டவர். தமையனை அவற்றை கழகக் கூட்டாளிமாரிட்டைக் காட்டிக்குடுக்கக் கூடாது என்றுதான் காணாத மாதிரிப் போனவர். கடைசி நாள் என்ர கையைப் பிடித்துச் சொன்னது இது.

நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறன். மழைக்கோட்டை மறக்காதை. கதவைத் திறக்காவிட்டால் வெளியில் நின்று உரத்துச் சொல்லிப்போட்டு வா. ரெலிபோனில் கதைத்தனான்தானே, அவருக்குக் காது நல்லாய்க் கேட்குது.

உன் அப்பா,
கிறிஸ்துநாயகம்