கியர் பாக்ஸ் விஷயத்தில் அப்பா கட்சி மாறியது

ஜூன் 9, திங்கள்

வண்டி செத்துவிட்டது. இல்லை, அப்படி எழுதக் கூடாது. எஞ்சின் உயிரோடுதான் இருக்கிறது, நன்றாக உறுமுகிறது. சக்கரம்தான் அசையவில்லை. மெக்கானிக் மாமா வந்து, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "கியர் பாக்ஸ் போச்சு" என்றார்.

இரண்டு வழி சொன்னார். உடைசலுக்குப் போன வேறொரு வண்டியின் பெட்டியை அப்படியே வாங்கி மாட்டலாம், இரண்டு நாள் வேலை. அல்லது எங்கள் பெட்டியையே பிரித்து, தேய்ந்த பற்சக்கரங்களை மாற்றித் திரும்பக் கட்டலாம், மூன்று வாரம்.

"மாத்திடுங்க" என்றாள் அம்மா. "பிரிச்சுக் கட்டுங்க" என்றார் அப்பா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னாத்தான் ஸ்பானரை எடுப்பேன்" என்றார் மெக்கானிக் மாமா. "போன தடவை ஒரு வீட்டுல புருஷன் பேச்சை மட்டும் கேட்டேன். அந்தம்மா கிட்ட வாங்கினது இன்னும் காதுல ரீங்காரம் போடுது."

ஜூன் 10

அம்மா ஒன்றாம் தேதி புது ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடம் முழுக்க அவள் பொறுப்பு. இத்தனை வருடமாக அடுத்தவர் கையெழுத்துக்குக் கீழே வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருக்கிறது, காலை ஆறு மணி ஷிப்ட். அங்கே போகும் முதல் பஸ் ஏழு மணிக்கு. வண்டி இல்லாவிட்டால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

எனவே சண்டை. எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் தும்மினால் நாங்கள் "நூறாயுசு" சொல்லும் அளவுக்கு மெல்லியது. அதனால் சண்டை வந்தால் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றுவது எங்கள் குடும்ப வழக்கம். அம்மா ஓட்டுவாள், ஓட்டத் தெரியாத அப்பா பக்கத்தில், நான் பின்னால்.

வண்டி ஓடாது என்று தெரிந்தும் இன்று ஏறினோம். கண்ணாடிகளை ஏற்றினோம். அப்பா சீட் பெல்ட் போட்டுக்கொண்டார். எதற்கு?

"ஊரான் வண்டி கியர் பாக்ஸ். என்னென்ன வியாதியோட வருதோ!"

"உங்க கடையில விக்கிற மூக்குக்கண்ணாடி எல்லாம் நம்ம வீட்டு மரத்துல காய்ச்சதா?"

கோபத்தில் அம்மா ஸ்டியரிங்கை ஒடித்து இண்டிகேட்டரும் போட்டுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் நாங்கள் திரும்புவோம் என்று நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நல்ல மனிதர்.

ஜூன் 12

நூலகத்தில் மோட்டார் வாகனப் புத்தகம் எடுத்தேன். ஒரு பற்சக்கரம் தேய்ந்தால் அதோடு சேர்ந்து சுழல்வதையும் மாற்ற வேண்டுமாம். அப்பாவிடம் சொன்னேன். "பாடத்தைப் படி" என்றார். இது பாடம் இல்லையா?

ஜூன் 14

மெக்கானிக் மாமா வந்தார். மாற்றுப் பெட்டி உள்ளூரில் இல்லை, லாரியில் வர ஒரு மாதம் ஆகும். ஆனால் பற்சக்கரங்கள் கைவசம் வந்துவிட்டன, பிரித்துக் கட்ட நான்கே நாள்.

அப்பா உடனே, "மாத்திடலாங்க. ஒட்டுப்போட்டது என்னிக்கும் ஒட்டுப்போட்டதுதான்" என்றார்.

அம்மாவோ, "பிரிச்சுக் கட்டுங்க. தெரியாத பெட்டியை விட தெரிஞ்ச பெட்டி மேல்" என்றாள்.

மெக்கானிக் மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

ஜூன் 17

நம்ப முடியாத நாள். மாடி வீட்டு அக்கா (கல்யாணமாகி ஆறு மாதம்) வந்து, "ஆன்ட்டி, வண்டி சாவி ஒரு அரை மணி நேரம் கிடைக்குமா?" என்றாள்.

"அது ஓடாதேம்மா."

"ஓட வேணாம் ஆன்ட்டி. அவரு கிட்ட கொஞ்சம் கத்தணும்."

இருவரும் ஏறினார்கள். முதலில் கைகள் பறந்தன, பிறகு அடங்கின. இறங்கும்போது அந்த அண்ணா அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதைப் பார்த்து ஹெட்மாஸ்டர் தாத்தாவும் வந்தார். தனியாக! யாரோடு சண்டை? கண்ணாடி வழியே பார்த்தேன். காலி சீட்டைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். இறங்கியபோது முகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "முப்பது வருஷத்து பாக்கிம்மா" என்றார்.

சாயங்காலம் வாசலில் வரிசை நின்றது.

ஜூன் 19

வண்டியைச் சரிசெய்ய வேண்டாம் என்று தெருவே சொல்கிறது. "ரோட்டுல ஓடறதுக்கு ஆயிரம் வண்டி இருக்கு. இது மாதிரி நிக்கறதுக்கு ஒண்ணுதானே இருக்கு?" என்கிறார் ஹெட்மாஸ்டர் தாத்தா. அப்பா ரொம்ப ஆமோதித்தார். அம்மா சட்டியைத் தேய்த்தாள். சட்டி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 20

மெக்கானிக் மாமா மறுபடி வந்தார். வந்த பற்சக்கரங்கள் வேறு வண்டியுடையவையாம், பொருந்தாது. சரியானவை வர ஒரு மாதம் ஆகும். ஆனால் மாற்றுப் பெட்டி ஏற்றிய லாரி அதிசயமாக முன்னாலேயே கிளம்பிவிட்டது, நாளை மறுநாள் வந்துவிடும்.

அப்பா: "யோசிச்சுப் பாத்தா, பிரிச்சுக் கட்டறதுதான் நல்லது."

எனக்கு ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது. புரியாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

வண்டியில் ஏறினோம். மாடி வீட்டு அண்ணனும் அக்காவும் இறங்கி இடம் கொடுத்தார்கள். அப்பா பெல்ட் போட்டுக்கொண்டு "நம்ம பெட்டி நம்ம பெட்டிதான்" என்று ஆரம்பித்தார். நான் பின் சீட்டிலிருந்து வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன்.

"அப்பா, முதல்ல கட்டறது லேட்டு, நீங்க கட்டற கட்சி. அப்புறம் மாத்தறது லேட்டு, மாத்தற கட்சி. இப்ப மறுபடியும் கட்டறது. எது லேட்டோ அதுதான் உங்க கட்சி. அம்மா போறது உங்களுக்குப் பிடிக்கல, அப்படித்தானே?"

சொல்லிவிட்டு நானே அழுதுவிட்டேன். நான் ஏன் அழ வேண்டும்?

அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கடையைச் சாத்திட்டு நான் வர பத்து மணி ஆகுது. ஆறு மணி ஷிப்ட்னா இவ எட்டுக்கே படுத்துடுவா. நான் எந்திரிக்கறதுக்குள்ள கிளம்பிடுவா. காலையில அந்த ஒரு மணி நேரம்தான் நாங்க பேசறதே."

"பேசறதா? சண்டைல்ல போடறோம்!"

"ஏதோ ஒண்ணு."

அம்மா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதிரே ரோடு ஓடுவது போல. "இதைச் சொல்ல வாய் வராம, என் வேலையை இல்ல காவு குடுக்கப் பாத்தீங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணாந்தேதி நான் போறேன். வண்டி இல்லேன்னா நடந்து போறேன்."

அப்பா சட்டென்று எழுந்தார். பெல்ட் அவரைத் திரும்பச் சீட்டிலேயே உட்கார வைத்தது. மூன்றாவது முயற்சியில் கழன்றது. தெருவில் நின்றே மெக்கானிக் மாமாவுக்கு போன் செய்தார். "எது சீக்கிரமோ அது. ஆமாங்க, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சொல்றோம்."

ஜூன் 24

ஊரான் பெட்டியை மாட்டியாயிற்று. மூன்றாவது கியர் விழும்போது மட்டும் ஒரு முனகல் வருகிறது. தெருவே துக்கம் விசாரிக்க வந்தது.

ஜூலை 1

அம்மா விடியுமுன் கிளம்பினாள். புது வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். வாசலில் பார்த்தால், அப்பா குளித்து, சட்டை இஸ்திரி போட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கொண்டுவிட."

"ஓட்டறது நானு. நீங்க என்னைக் கொண்டுவிடறீங்களா?"

"திரும்பி வர பஸ் இருக்கு. கடை திறக்கறது பத்து மணிக்குத்தானே. எடு வண்டியை."

நானும் செருப்பைத் தேடினேன். "உனக்கு ஸ்கூல் இருக்கு" என்றார்கள், ஒரே குரலில். கண்ணாடி ஏறியது. முனை திரும்பும் வரை இருவரின் கைகளும் ஆடுவது தெரிந்தது.

ஜூலை 9

அப்பா இன்றும் எட்டரை பஸ்ஸில் திரும்பினார். இன்றைக்கு எதற்குச் சண்டை என்று கேட்டேன். "பெரியவங்க பேச்சு உனக்கெதுக்கு?" என்றார். காது வரை சிவந்திருந்தது.