கண்ணாடிக்குள் இருந்த சிறுத்தை

சம்பந்தி,

இன்று காலை உங்கள் மகள் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடிக்கப் பார்த்தாள். இடம் போதவில்லை. உங்கள் பழைய கண்ணாடிச் சட்டத்தை ஒரு முழம் தள்ளி மாட்டலாம் என்று கழற்றினாள். கழற்றியதும், அதன் முதுகில் இத்தனை காலம் ஒளிந்திருந்த சூடப்புகை வாசனை வீடு முழுக்கப் பரவியது. நீங்கள்தான் வந்துவிட்டீர்களாக்கும் என்று நான் வெற்றிலைத் தட்டை ஒளிக்கப் போனேன். பிறகுதான் நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது என்று நினைவு வந்தது. தட்டை வெளியே எடுத்து வைத்தேன். எடுக்கத்தான் ஆள் இல்லை.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லச் சரோஜாதான் எழுதுகிறாள். எனக்கு மருமகளாக வந்து எத்தனையோ வருஷமாகியும் அவள் இன்னும் உங்கள் மகள்தான். அப்பாவைக் குறைத்துச் சொன்னால் பேனாவை வைத்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நான் சொன்னதைச் சொன்னபடி எழுதாவிட்டால் இன்றைக்குச் சாப்பிடமாட்டேன் என்று நானும் சொன்னேன். அவள் பயந்ததாகத் தெரியவில்லை.

முதன்முதல் அந்தச் சட்டத்தை நான் பார்த்தது பெண் பார்க்க வந்த அன்று. பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் சட்டத்தைத்தான் காட்டினீர்கள். மாரியம்மனுக்கும் முருகனுக்கும் நடுவில், கண்ணாடிக்குள், பழுப்பேறிய ஓர் இங்கிலீசுக் கடுதாசி.

"எங்க தாத்தா முத்தன், ஆளுங்க குடியிருந்த லயத்து வீட்டுக்குள்ள பூந்த சிறுத்தைய, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால வெட்டிப் போட்டாரு சம்பந்தி. துரை சந்தோசப்பட்டு, பங்களாவுல நாற்காலி போட்டு உட்கார வச்சு, கைப்பட எழுதிக் குடுத்த சர்டிபிகேட். உங்ககிட்ட என்ன இருக்கு?"

என்னிடம் காகிதம் ஏது? நான் வாயால்தான் சொன்னேன். துறையூர்ப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து வந்த சின்னான், சின்னான் மகன் கருப்பன், கருப்பன் மகன் ராமன், ராமன் மகன் நான். எந்தக் காட்டில் யார் காய்ச்சலில் செத்தார்கள், எந்தத் தோட்டத்தில் யார் பிறந்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாயில இருக்கிறது காத்தோட போயிரும் சம்பந்தி. காகிதம் வேணும்" என்றீர்கள். வாயில் இருப்பதைக் கரையான் தின்னாது என்று நானும் சொன்னேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நம் சண்டையும் அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது.

ஒவ்வொரு விசேஷத்துக்கும் அந்தச் சிறுத்தை வளர்ந்தது. நிச்சயதார்த்தத்தில் நாய் அளவுதான் இருந்தது. பேரனுக்குக் காது குத்தும்போது கன்றுக்குட்டி. பூனாகலைத் திருவிழாவில் இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு நீங்கள் சொன்னபோது அது காளைமாடாகிவிட்டது. "முத்தன் தாத்தா அத வெட்டுனாரா, ஏர்ல பூட்டுனாரா?" என்று கேட்டேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை நீங்கள். அந்தக் கடுதாசியை மட்டும் ஒருவரும் வாசிக்கவில்லை. புகை படிந்த கண்ணாடிக்குள் கோழி கிளறினாற்போல் துரையின் கிறுக்கல். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசுக்கு அது பிடிபடவில்லை. சட்டத்தைக் கழற்றவும் நீங்கள் விடவில்லை.

பிறகு இலங்கைக் குடியுரிமைக்குப் பதியப் பதுளைக்குப் போனோமே, அந்த நாள். பழைய காகிதம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள். எல்லாரும் கவரில் கொண்டு வந்தார்கள். நீங்கள் சட்டத்தோடு, ஆணியோடு, பூமாலையோடு கொண்டு வந்தீர்கள். பஸ்ஸில் அதற்கு ஜன்னலோரத்து இடம், எனக்கு நின்றுகொண்டு பயணம்.

மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் இருந்தார். கண்ணாடியைக் கைலேஞ்சியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்து உங்களை ஏறிட்டுப் பார்த்தார். எழுந்து போய், மூலையில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்து வந்து உங்கள் பக்கத்தில் போட்டார். "முதல்ல இருங்கோ ஐயா" என்றார்.

அந்த வரிசையில் அன்றைக்கு ஐம்பது அறுபது பேர் நின்றோம். உட்கார்ந்தது நீங்கள் ஒருவர்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அது இன்னும் என் முதுகில் இருக்கிறது.

நாம் வெளியே வந்த பிறகு நான் குடையை விட்டுவிட்டேன் என்று உள்ளே திரும்பிப் போனேன் அல்லவா? குடை என் கக்கத்தில்தான் இருந்தது. "ஐயா, அந்த சிறுத்தை எம்மாம் பெருசுன்னு எழுதியிருக்குங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"எந்தச் சிறுத்தை?" என்றார் அவர். "உவற்றை தாத்தா துரையின்ர கதிரையில இருந்திருக்கிறார். எழும்பச் சொல்லியும் எழும்பேல்லையாம். அதுக்குத்தான் தோட்டத்தை விட்டுக் கலைச்சிருக்கினம். ஆனா தோட்டத்துப் பேரும் வருசமும் கிடக்கு. அந்தாள் இஞ்ச இருந்ததுக்கு உது போதும்."

அவர் ஊரில் கதிரை என்றால் நாற்காலி, கலைப்பது என்றால் விரட்டுவது. என் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? இத்தனை வருஷச் சிறுத்தை ஒரு நொடியில் செத்தது. பண்டாரவளை வரைக்கும் பஸ்ஸில் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். யார் யாரைக் கூட்டிவைத்துச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தி வெற்றிலை போடுவது என்றெல்லாம். பண்டாரவளையில் தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். நீங்கள் குடிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"சம்பந்தி, ஆபீசுல எனக்கு நாற்காலி போட்டாங்க, பாத்தீங்கல்ல? எங்க அப்பன் ஆயுசு பூரா ஆபீசு வாசல்ல நின்னுகிட்டேதான் பேசுனாரு. தொப்பிக்காரன் முன்னால உட்கார்ந்ததே இல்ல. எல்லாம் தாத்தா போட்ட நாற்காலி."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது. "ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கு விழுங்கியது நீங்கள் போகும்வரை என் வயிற்றிலேயே கிடந்தது. அதன்பின் எத்தனை விசேஷம், எத்தனை சிறுத்தை! ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிக்கு வந்து, திரும்பிப் போனது.

நீங்கள் போனபின் சட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது. போகும்போதும் என்னைத் தோற்கடித்துவிட்டுத்தான் போனீர்கள் என்று நினைத்துக்கொண்டு தினமும் அதற்குக் கீழேதான் படுக்கிறேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நம் பேரன் கனடாவில் இருக்கிறான் அல்லவா, அவன் மகள் கயல் ஒன்பது வயதுக்காரி. அவள் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளையைத் தவிர மற்ற எல்லாருடைய பாட்டன்மாரும் எங்கிருந்தோ வந்தவர்களாம். உங்கள் முன்னோரைப் பற்றி ஏதாவது கொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளை கம்பளம், ஒரு பிள்ளை கொட்டு. கயல் போனில் கேட்டாள், "அப்பாச்சி, அந்த சிறுத்தை சர்டிபிகேட் போட்டோ அனுப்புங்க."

இங்கிலீசு தெரியாதவர்கள் நடுவில் நூறு வருஷம் பத்திரமாக இருந்த கடுதாசி, இங்கிலீசுக்காரர்கள் நடுவிலேயே போய் நிற்கப் போகிறது. எல்லார் முன்னாலும் உங்கள் மானம் போகுமே. கரையான் அரித்துவிட்டது என்றேன். சரோஜா சுவரில் இருந்த சட்டத்தைக் கை நீட்டிக் காட்டினாள். தூரத்திலிருந்து எடுத்தால்தான் முழுதாகத் தெரியும் என்றேன். கேட்கவில்லை. அவள் போனைத் தேடி அடுக்களைக்குப் போன நேரத்தில் விளக்குப் புகையைத் தொட்டுக் கண்ணாடி முழுக்க நன்றாகத் தடவினேன். வந்து பார்த்தவள் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, நூறு வருஷப் புகையையும் சேர்த்துத் துடைத்தெடுத்தாள். கண்ணாடி பளிங்காகிவிட்டது. நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கயல் போனில் வந்தாள். டீச்சர் அம்மா வயசானவர், பழைய கையெழுத்தெல்லாம் வாசிப்பாராம். வகுப்பில் உரக்க வாசித்தாராம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தாத்தா, அவரு சேர்ல உட்காந்தாரு. எழும்புன்னு சொன்னாங்க, எழும்பல. வேலையில இருந்து நிப்பாட்டிட்டாங்க." உடனே அடுத்ததையும் கேட்டாள். "ஆனா ஏன் தாத்தா? அவங்ககிட்ட வேற சேர் இல்லையா?"

எந்தக் காட்டில் யார் செத்தார்கள் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அது என்ன குற்றம் என்று விளங்கவில்லையாம். அதை விளக்கத்தான் டீச்சருக்கு ஒரு மணி நேரம் பிடித்ததாம். கொட்டும் கம்பளமும் ஓரமாய்க் கிடந்தனவாம்.

"அந்த சேர் இன்னும் இருக்கா தாத்தா? போட்டோ எடுத்து அனுப்புங்க."

போனை வைத்ததும் சரோஜா என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா மாமா?" தெரியும் என்றேன். எத்தனை வருஷமாக என்றாள். பதுளைக்குப் போன நாளிலிருந்து என்றேன். இரண்டு நாள் சீனி போடாத தேத்தண்ணிதான் கிடைத்தது. மூன்றாம் நாள் சீனி வந்தது. கோப்பையை வைத்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாம இருந்தீங்களே" என்றாள். அதையும் இப்போது அவள் கையாலேயே எழுதுகிறாள்.

கடுதாசியில் இருந்த தோட்டம் நமுனுகுல பக்கம். நாற்காலியைத் தேடிச் சரோஜாவும் நானும் மூன்று பஸ் மாறிப் போனோம். பங்களாவில் இப்போது துரை இல்லை. வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வந்து தங்கிவிட்டுப் போகிறார்களாம். காவல்காரர் நம் ஆள்.

"என்ன வேணும் பெரியவரே?"

"ஒரு நாற்காலி பாக்க வந்தோம்."

"வாங்கவா, விக்கவா?"

"உட்கார."

அவர் என்னையும் பார்த்தார், சரோஜாவையும் பார்த்தார். வராந்தா மூலையைக் காட்டினார். நீளக் கை வைத்த ஒரு பழைய பிரம்பு நாற்காலி. "அதான் இதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். நான் வந்த நாள்லேருந்து இங்கதான் கெடக்கு" என்றார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெல்ல இறங்கினேன்.

"உட்காராதீங்க."

சம்பந்தி, நான் எழுந்துவிட்டேன். நான் எழவில்லை, என் முழங்கால்கள் எழுந்தன. எண்பது வருஷமாக அவற்றுக்கு வேறு பழக்கம் கிடையாது. வெட்கமாக இருந்தது.

"கால் ஆடுது பெரியவரே. விழுந்து வச்சீங்கன்னா நாந்தான் பதில் சொல்லணும்."

சரோஜா பின்னால் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான் புடிச்சிக்கிறேன் மாமா. உட்காருங்க."

உட்கார்ந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் மலை முழுக்கத் தெரிகிறது. கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு தலையும் தெரிகிறது. லயங்களெல்லாம் நம் கட்டைவிரலுக்குக் கீழே கிடக்கின்றன. முத்தன் ஏன் எழும்பவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு தடவை அப்படிப் பார்த்தவனால் உடனே எழுந்துவிட முடியாது. நம்மை இந்தியாவுக்குக் கப்பலேற்றப் பேர் எழுதித் திரிந்த காலத்தில் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. "எங்கேருந்து வந்தோம்னு தெரியாதவன யாரும் எங்கயும் போகச் சொல்லலாம் சம்பந்தி." அது எனக்குத் தெரியும், நான் வாயால் சொல்வேன். வந்த இடத்தில் நம் ஆள் ஒருவன் எங்கே உட்கார்ந்தான் என்பது உங்கள் காகிதத்தில்தான் இருந்தது. இந்தச் சண்டையில் பாதியை உங்களுக்கு விட்டுத் தருகிறேன். பாதிதான்.

என் சின்னானையும் கருப்பனையும் கயல் போன ஞாயிறு கேட்டு எழுதிக்கொண்டாள். ஆக, என்னிடமும் இப்போது காகிதம் இருக்கிறது. கனடாவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைக்குச் சரோஜா ஆணி அடித்தது அவள் எடுத்த அந்தப் போட்டோவுக்காக. உங்கள் சட்டத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியாயிற்று. நான் நாற்காலியில் இருக்கிறேன், அவள் ஒரு கையால் நாற்காலியையும் மறு கையால் போனையும் பிடித்ததில் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன். என் காலடியில் பங்களாப் பூனை ஒன்று படுத்திருக்கிறது. உடம்பெல்லாம் புள்ளி. கயல் அதைப் பார்த்துவிட்டு, "சிறுத்தை வந்திருச்சா தாத்தா?" என்று கேட்டாள்.

வந்தது என்றேன்.

"பெருசா?"

சரோஜா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். கன்றுக்குட்டி அளவு என்றுதான் சொன்னேன் சம்பந்தி. காளைமாடாக்குவதை அடுத்த விசேஷத்தில் பார்த்துக்கொள்ளலாம்.