கிளையில் மாட்டிய பை

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ கேட்டபடி இனி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஃபோனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பதால் "நல்லா இருக்கோம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடிவதில்லை. அந்த வெளியூர் மருத்துவமனையில் இன்னும் ஓராண்டு நர்சாக நீடிப்பதா, விட்டுவிட்டு வீட்டுக்கு வருவதா என்று ஏப்ரல் பாதிக்குள் நீ அங்கே சொல்ல வேண்டும். என் கடிதத்தை வைத்துத்தான் முடிவெடுப்பாய் என்பதால் பேனாவைத் தொடவே பயமாக இருக்கிறது.

அப்பா லிஃப்ட் குழியில் பதினொரு மணி நேரம் இருட்டில் மாட்டிக்கொண்டு ஐந்து மாதம் ஆகிறது. கைக்காயம் ஆறிவிட்டது. ஆனால் வீட்டின் ஏழு விளக்குகளும் விடிய விடிய எரிகின்றன. நான் கண்ணில் துணி கட்டிக்கொண்டு தூங்குகிறேன். (இது புகார் இல்லை, தகவல்.) அப்பா படியிறங்குவதே இல்லை.

ஸ்பேனர் மாமா நேற்றும் வந்தார். பத்து வருடம் அப்பாவோடு ஜோடியாக லிஃப்ட் வேலை பார்த்தவர் உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் அன்று கட்டடத்தைப் பூட்டிவிட்டாரே, அதிலிருந்து அப்பா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. மாமா வாசலிலேயே நின்று, "சாப்பிடறானாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நான்கு மாடியும் நடந்தே இறங்கினார். லிஃப்ட் மெக்கானிக், லிஃப்ட்டில் ஏறவில்லை.

உன் மகள்

மார்ச் 9

என் செல்லத்துக்கு,

உன் கடிதத்தை உடை மாற்றும் அறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். அப்பாவை எதற்கும் வற்புறுத்தாதே. விளக்கு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. குழிக்குள் இறங்குகிறவன் தன் கருவிப் பையை வெளியே மாட்டிவிட்டு இறங்க வேண்டும், பை தொங்கினால் யாரும் பூட்டக் கூடாது. கல்யாணமான புதிதில் உங்கப்பா எனக்குப் பெருமையாகச் சொன்ன விஷயம் இது. பிறகு ஸ்பேனர் எப்படிப் பூட்டினார்? இதை அப்பாவிடம் கேட்டுவிடாதே.

தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் வைக்காமல் சாப்பிடு.

அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மா,

முதலில் மன்னிப்பு. உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அப்பா படித்துவிட்டார். மறந்து வைத்தேனா என்றால், இல்லை.

ஞாயிறு காலை நம் குடியிருப்பில் எல்லாரும் பின்பக்கக் கால்வாயைச் சுத்தம் செய்ய இறங்கினார்கள். பாலத்துக்கு அடியில், இருட்டுக்குள், தண்ணீரைத் திறந்துவிடும் கதவு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கீழ்வீட்டுத் தபால்காரர் மூச்சிரைக்க மேலே வந்து, "இருபது பேர் நிக்கறோம், ஒருத்தருக்கும் நட்டு எது போல்ட்டு எதுன்னு தெரியலை சார்" என்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, ஐந்து மாதத்தில் முதல் முறையாகப் படியிறங்கினார்.

நாங்கள் இறங்குவதற்குள் ஸ்பேனர் மாமாவும் செய்தி கேட்டுக் கரைக்கு வந்திருந்தார். உள்ளே தான் போவதாகச் சொல்லி, தன் பையை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கிக் கரைமரத்தின் கிளையில் மாட்டினார். மாட்டிய கையை எடுக்காமலே பேசினார்.

"அன்னிக்கு நான்தான்டா பையை உள்ள எடுத்துட்டுப் போனேன். சாமான் எடுக்க ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கச் சோம்பல். பழியை உன் மேல போட்டுட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாசல்ல வந்து நின்ன?"

"பை இல்லைன்னா என்ன, ஒரு குரல் குடுத்துப் பாத்திருக்கணும்ல நான்."

மாமா குனிந்து இருட்டுக்குள் போனார். உள்ளிருந்து, "இருக்கியா?" என்று குரல் வந்தது. அப்பா பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது முறை கேட்டபோது, "இருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் உடனே சொன்னார். எந்தப் பக்கம் திருகுவது, எங்கே எண்ணெய் விடுவது என்றும் சொன்னார். அது அவருடைய பழைய குரல், அம்மா.

கதவு நகர்ந்ததும் கறுப்பாக வந்த தண்ணீர் மெல்லத் தெளிந்தது. எல்லாரும் போன பிறகும் அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றார். ஒரு தும்பி அவர் தோளில் உட்கார்ந்தது. அது பறக்கும்வரை அவர் அசையவே இல்லை. கெட்டுப்போன எதையும் அப்பா சரிசெய்வார் என்று தெரியும். இருபது பேர் முன்னால் தன் தப்பையும் சொல்வார் என்று இப்போதுதான் தெரிந்தது. என் அப்பா என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

இப்போது தினமும் காலையில் கால்வாய்க்குப் போகிறார். மாமா இரண்டு முறை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

உன் மகள்

மார்ச் 24

என் செல்லத்துக்கு,

படித்துவிட்டு அழுதேன், வார்டில் சிரித்தபடி வேலையும் பார்த்தேன். ஒன்றே ஒன்று எழுது. விளக்கு?

அம்மா

மார்ச் 29

அன்புள்ள அம்மா,

முந்தாநாள்வரை மூன்று விளக்கு எரிந்தது. நேற்று அப்பா ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, கடைசி சுவிட்ச் முன்னால் நின்றுவிட்டார். நான் என் பள்ளிப் பையைக் கொண்டுபோய் அவர் அறைக் கதவின் பிடியில் மாட்டினேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

நீ வந்தால் எனக்குச் சந்தோஷம். உன் மடியில் படுக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அப்பாவுக்காக வேலையை விட வேண்டாம். கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் இதுதான் உண்மை.

படுத்த பிறகு அவர் அறையிலிருந்து, "டீச்சரம்மா, இருக்கியா?" என்று, எனக்கு வைத்த பழைய செல்லப் பெயரைச் சொல்லிக் கேட்டார். "இருக்கேம்ப்பா" என்றேன். மணி ஒன்பதரை. வீட்டில் எல்லா விளக்கும் அணைந்திருந்தது.

உன் மகள்