பரவால்ல

நிலாச் சுரங்கத் தளம், மருத்துவப் பிரிவு
பன்னிரண்டாம் நாள், காலை 7.10

பதிவு செய்பவர்: டாக்டர் அங்கயற்கண்ணி. சுரங்கத் தொழிலாளர்களிடையே தூசிக் காய்ச்சல். நேற்றிலிருந்து புதிதாக ஒன்பது பேர். கோழை பச்சையாக வருகிறது. அந்த நாற்றம் முகக்கவசத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. அதே கவசத்தைத்தான் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்கிறோம். தூ.

வேலை பார்ப்பது இரண்டே பேர், நானும் நர்ஸ் சகாயமேரியும். கூடுதல் ஆள் கேட்டதற்குத் தலைமையகம் அனுப்பிவைத்தது ‘நலம்’ என்ற இயந்திரத்தை. எங்கள் மனநலத்தைப் பார்த்துக்கொள்ளுமாம். சுவரில் இருந்தபடி தேனொழுகும் குரலில் புன்னகைப் பயிற்சி நடத்துகிறது. கையுறையில் ரத்தத்தோடு நின்று பல்லைக் காட்ட வேண்டும். எங்கள் வேலை முறை முடிந்ததும், “இன்று எப்படி இருக்கிறது?” என்று கேட்கும். நாங்கள் சொல்லும் பதில் பூமிக்குப் போகும்.

சகாயமேரி, “பரவால்ல” என்றாள். நானும் அதையே சொன்னேன்.

பதினேழாம் நாள், பிற்பகல் 2.40

சகாயமேரிக்குக் காய்ச்சல். மூச்சு இழுக்கிறது. மருந்தும் ஆக்சிஜனும் மாற்று டாக்டர்களும் கப்பலில் வர வேண்டும். வந்தால் பிழைத்துக்கொள்வாள். வராவிட்டால் இல்லை.

தலைமையக ஒருங்கிணைப்பாளர் ரகோத்தமனிடமிருந்து செய்தி:

“வாழ்த்துகள் டாக்டர்! அஞ்சு நாளா உங்க தளத்துல நோய் பரவல, பரவலன்னே ரிப்போர்ட் வருது. அதனால கப்பல நிறுத்தி வச்சிட்டோம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நலத்தின் பதிவுகளைப் புரட்டினேன். தலையில் அடித்துக்கொண்டேன். நாங்கள் சொன்னது ‘பரவால்ல’. அது எழுதிக்கொண்டது ‘பரவல’. இந்த எழவெடுத்த இயந்திரத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், வாழ்க்கையில் ஒருவரையும் நலம் விசாரித்திருக்க மாட்டான்.

உடனே ரகோத்தமனைக் கூப்பிட்டேன். “ஐயோ சார், அது பரவால்ல! இங்க பொணம் வைக்க இடமில்ல!”

“உங்க குரல்ல டென்ஷன் தெரியுது டாக்டர். கொஞ்சம் மூச்சுப் பயிற்சி பண்ணுங்க. நோய் நிலவரத்த நலம் வழியாத்தான் சொல்லணும், அதான் விதி.”

அதே நாள், மாலை 5.00

கோபத்தை விழுங்கிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக நலத்திடம் சொன்னேன்: “நோய் வேகமாகப் பரவுகிறது.” ஏற்றுக்கொண்டது. கப்பல் கிளம்பிவிட்டது.

இனி இந்த அறையில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. சகாயமேரியிடமும் சொல்லிவிட்டேன், தலையாட்டினாள்.

யோசித்துப் பார்த்தால், டாக்டர் படிப்பில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சியே அந்தச் சொல்தானே? தூங்காவிட்டால் பரவால்ல, சாப்பிடாவிட்டால் பரவால்ல, பாதுகாப்பு உடை கிழிந்திருந்தால் பரவால்ல. முணுமுணுத்தவனை, இவனெல்லாம் டாக்டர் வேலைக்கு லாயக்கில்லை என்றார்கள். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் பட்டம் வாங்கினோம்.

பத்தொன்பதாம் நாள், காலை 9.25

கப்பலிலிருந்து கேப்டன் நூருல் அமீன் கூப்பிட்டார். தங்கமான மனிதர். இந்த இணைப்பும் நலம் வழியாகத்தான் வருகிறது.

“டாக்டரம்மா, மன்னிச்சுக்கோங்க. இன்ஜின்ல சின்னக் கோளாறு. இன்னிக்கு சாயங்காலம் இறங்க முடியாது, நாளைக்குக் காலையில வந்துடுறோம்.”

“பரவால்ல கேப்டன், பத்திரமா வாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கட்டிலில் இருந்து சகாயமேரி என்னைப் பார்த்தாள். சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

“நோய் பரவவில்லை என்று தெரிவித்துவிட்டேன். நன்றி டாக்டர்.”

கத்தினேன். சுவரைக் குத்தினேன். “உங்கள் குரலில் பதற்றம் தெரிகிறது. புன்னகையோடு தொடங்கலாமா?” என்றது. பல்லைக் காட்டினேன். அது சொன்னபடியெல்லாம் மூச்சை இழுத்து விட்டேன், சனியனே, சனியனே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே. கடைசியில் திருத்திக்கொண்டது.

அதற்குள் கேப்டனின் குரல் வந்துவிட்டது:

“தலைமையகம் எங்கள வேற தளத்துக்குத் திருப்பி விட்டுட்டாங்க டாக்டரம்மா. பாதை மாறியாச்சு. இருக்குற எரிபொருளுக்கு இனி உங்க பக்கம் வர முடியாது, அடுத்த கப்பல் அடுத்த மாசந்தான். நீங்கதானே பரவலன்னு...”

இணைப்பைத் துண்டித்தேன்.

இருபத்தொன்றாம் நாள், நேரம் பார்க்கவில்லை

சகாயமேரி போய்விட்டாள். போவதற்கு முன்னால் நலம் அவளிடம் கேட்டது. “மோசமா இருக்கு” என்றாள். இத்தனை வருட வேலையில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதற்கு அது புன்னகைப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. சீ.

சுரங்கத்துப் பக்கம் இருமல் சத்தம் நின்றுவிட்டது. எனக்கும் காய்ச்சல். எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

நலம் இப்போதும் கேட்கிறது. இனி சொல்லி என்ன பயன் என்று நான் வாயைத் திறக்கவில்லை. “டாக்டர் ஓய்வில் இருக்கிறார். தளத்தில் நோய் பரவவில்லை” என்று பூமிக்குச் சொல்கிறது.

இந்தப் பதிவை வெளிக்கதவுப் பெட்டிக்குள் வைத்தபடியே எழுதுகிறேன். எடுப்பவர் யாராக இருந்தாலும் சரி, கதவில் பச்சை விளக்கு எரியும். அதை நம்பாதீர்கள். உள்ளே காற்று முழுக்க நோய்தான். தயவுசெய்து கதவைத் திற